24 விநாடிகள்

ஆரம்பப் பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளும் நான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடந்தேன். முதலாம் ஆண்டில் அது பெருமையாக இருந்தது. ஆறாம் ஆண்டில் வெட்கமாக இருந்தது. "மத்த பசங்க சிரிக்கிறாங்க பாட்டி, நானே போய்க்கிறேன்" என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்திருக்கிறேன். பாட்டி மசிய மாட்டார். "சிரிச்சா சிரிக்கட்டும்யா. நீ கைய விடாத" என்பார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும்.

அப்படிக் கைகோத்து நின்றவர்கள் நாங்கள் மட்டுமல்ல. அம்மாவோடு சிலர், தாத்தாவோடு சிலர், அக்காள் கையைப் பிடித்த தம்பிகள் சிலர் எனச் சாலையோரத்தில் ஒரு சிறு கூட்டமே நிற்கும். பொழுது விடிந்திருக்காது. வருகின்ற வாகனங்களின் விளக்குகளை மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். எந்த விளக்கு தூரத்தில் இருக்கிறது, எது கிட்டத்தில் இருக்கிறது, எது லோரி, எது மோட்டார் என்று கணிக்கும் வித்தையைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கள் ஊர் புக்கிட் தெங்கா. பினாங்கு என்றதும் பலருக்கும் தீவும் ஜோர்ஜ்டவுனும் கொம்தார் கட்டடமும்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊரோ கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், செபராங் பிறையில் இருக்கிறது. ஒரு பக்கம் பிறை, மறுபக்கம் புக்கிட் மெர்தாஜாம், தெற்கே ஜூரு. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் 1969-இல் அமைக்கப்பட்ட பிறகு பிறையில் தொழிற்பேட்டை வளர்ந்தது. பின்னர் புக்கிட் மின்யாக் பக்கமும் தொழிற்சாலைகள் பெருகின. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஆகவே கம்பமும் தொழிற்சாலையும், பள்ளியும் கொள்கலன் லோரியும் ஒரே சாலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஊர் எங்களுடையது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்குப் போகிறவரும் ஒரே நேரத்தில் அந்தச் சாலையில் இறங்குவார்கள். ஒருவர் இரும்புக்குள் இருப்பார். மற்றவர் வெள்ளைச் சட்டைக்குள் இருப்பார்.

நான் படித்த பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் படித்த பள்ளியின் முன்னாலும் இப்படி ஒரு சாலை ஓடிக்கொண்டிருக்கும்.

நான் நான்காம் ஆண்டு படித்தபோது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனை மோட்டார் சைக்கிள் மோதியது. அவனுக்குத் துணைக்கு வர வீட்டில் ஆள் இல்லை. தந்தைக்கு இரவு வேலை. தாய் அதிகாலையிலேயே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுவார். அன்று அவன் ஓடவில்லை, விளையாடவில்லை. வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், மீண்டும் வலப்பக்கம் பார்த்தான். பள்ளியில் கற்றுத் தந்தபடியே செய்தான். தூரத்தில் தெரிந்த விளக்கு தூரத்தில்தான் இருக்கிறது என்று நம்பி நடந்தான். அது வந்த வேகம் அவன் கணக்குக்குள் அடங்கவில்லை. எங்களுக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு தண்ணீர்ப் புட்டி ஒன்று உருண்டு வந்து பாட்டியின் காலருகே நின்றது. பாட்டி என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். அதனால் மற்றதை நான் பார்க்கவில்லை.

நல்ல வேளையாக அவன் பிழைத்துக்கொண்டான். கால் எலும்பு முறிந்தது. பல மாதங்கள் பள்ளிக்கு வரவில்லை. அந்த வாரச் சபைகூடலில் ஆசிரியர் எங்களுக்கு நீண்ட அறிவுரை கூறினார். சாலையைக் கடக்கும்போது கவனம் தேவை, ஓடக் கூடாது, பேசிக்கொண்டு நடக்கக் கூடாது என்றார். எல்லாம் சரியான அறிவுரைகள்தாம். அவர் எங்கள் மேல் வைத்திருந்த அன்பையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த மோட்டார் எவ்வளவு வேகத்தில் வந்தது என்று அன்று யாரும் பேசவில்லை. நண்பன் ஊன்றுகோலுடன் திரும்பி வந்தபோது, "நீ ஏன்டா பாத்துப் போகல?" என்று நாங்களும் அவனைத்தான் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாடா, என் தப்புதான்" என்றான். பத்து வயதுப் பிள்ளை. அந்தப் பதிலை நான் அப்போது ஏற்றுக்கொண்டேன். எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான்.

ஏன் உறுத்துகிறது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இதில் குற்றவாளி நான்.

பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் நான், 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொழிற்பயிற்சிக்காக வீட்டுக்கு வந்திருந்தேன். தொழிற்சாலையில் காலை 7.30-க்குள் விரல் பதிக்க வேண்டும். தாமதமானால் பயிற்சி ஏட்டில் சிவப்புக் குறிப்பு விழும். பிப்ரவரி இறுதியில் ஒரு நாள், கண் விழிக்கத் தாமதமாகிவிட்டது. மோட்டாரை முறுக்கிக்கொண்டு பறந்தேன். நான் படித்த அதே பள்ளியின் முன்னால், 30 என்று எழுதிய வட்டப் பலகையைக் கடந்தபோது என் வேகமானியின் முள் 70-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. பலகையை நான் பார்த்தேன். பார்த்தும் கையைத் தளர்த்தவில்லை. சாலை காலியாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

கோடு போட்ட கடப்பில் ஒரு சிறுமி காலை வைத்துவிட்டாள். முதுகில் அவளைவிடப் பெரிய புத்தகப் பை. நான் பிரேக்கைப் பிடித்தேன். பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. எப்படியோ வண்டி விழாமல், கோடுகளையெல்லாம் தாண்டிப் போய் நின்றது. அவள் இரண்டடி உள்ளே வந்திருந்தால் என் கதையும் வேறு, அவள் கதையும் வேறு. திரும்பிப் பார்த்தேன். அவளுடைய பாட்டியாக இருக்க வேண்டும், ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைத்து, "பாத்து வரத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினார். என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார்.

அந்தச் சொல்லை நான் எப்படி மறப்பேன்? சட்டத்தை மீறியவன் நான். கோட்டின் மேல் நடந்த பிள்ளைக்கு அடி விழுகிறது. என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். பதில் சொல்ல வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். 7.30-க்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விரல் பதித்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. படித்த படிப்பு இதற்காவது உதவட்டும் என்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். உயர்நிலைப்பள்ளி இயற்பியல்தான், கடினமில்லை. ஆபத்தைக் கண்டு மூளை உணர்ந்து கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். சாலை காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் கடப்பார். பிரேக் பிடித்த பின் 5 மீட்டர். ஆக 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 60-இல் வருகிறவர் அதே ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடுவார்; பிரேக் பிடித்த பின் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு; பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ நான்கு மடங்கு. நான் வந்த 70-க்கு மொத்தம் 46 மீட்டருக்கும் மேல் வந்தது.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 30-இல் வந்தவர் முழுமையாக நின்றுவிட்ட அந்த 13-ஆவது மீட்டரில், 60-இல் வருகிறவர் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். அங்கே ஒரு பிள்ளை நின்றால் முழு 60-இல் மோதுவார். அந்த மோதலின் கடுமையை வேறு விதமாகவும் கணக்கிடலாம். 30-இல் மோதுவது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். 60-இல் மோதுவது 14 மீட்டர் உயரம், நான்கைந்து மாடி. எந்தப் பெற்றோரும் தம் பிள்ளையை நான்காம் மாடியின் கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பில் நிறுத்தி, "கவனமா நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போக மாட்டார்கள். சாலையோரத்தில் நாம் நாள்தோறும் அதைத்தான் செய்கிறோம்.

என் நண்பனின் கணக்கு ஏன் தவறியது என்பதும் அன்றுதான் புரிந்தது. இருட்டில் தெரியும் ஒற்றை விளக்கைக் கொண்டு வேகத்தைக் கணிப்பது பெரியவர்களுக்கே கடினம். நம் பிள்ளைகள் இருட்டில் ஏன் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? 1982-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றுபடுவதற்காக அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. கடிகாரத்தை நகர்த்தலாம், சூரியனை நகர்த்த முடியாது. பினாங்கில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கிறது. பிப்ரவரியில் 7.30-ஐ ஒட்டித்தான் உதயம். பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதாவது, வேலைக்குப் போகிறவர்களின் அவசரம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில், பாதி இருட்டில், நாட்டின் மிகச் சிறிய குடிமக்கள் சாலையைக் கடக்கிறார்கள்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமன்று. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் மட்டும் 6,443 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். இப்படி இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். நம்மைப் போன்ற இளையோர்தாம் அவர்களில் மிகுதி. உலக அளவில் 2021-இல் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் சாலை விபத்துக்குத்தான் என்றும் அது கூறுகிறது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்பது அந்நிறுவனம் தரும் இன்னொரு கணக்கு.

அப்படியானால் பலகை இருந்தும் நான் ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை? நான் கெட்டவன், பொறுப்பில்லாதவன் என்று சொல்லிவிடலாம். அது உண்மையின் ஒரு பகுதி. அதை நான் மறுக்கவில்லை. மற்றொரு பகுதி சாலையில் இருக்கிறது. நம் நாட்டில் 1989 முதல் நடப்பில் உள்ள தேசிய வேக வரம்பின்படி நெடுஞ்சாலைகளுக்கு 110, கூட்டரசுச் சாலைகளுக்கும் மாநிலச் சாலைகளுக்கும் பொதுவாக 90. 90-இல் வசதியாக ஓடுவதற்கு ஏற்றபடி அகலமாகவும் நேராகவும் போடப்பட்ட சாலையில், பள்ளி வந்ததும் ஒரு பலகையை மட்டும் நட்டு 30 என்று எழுதுகிறோம். பலகை 'மெதுவாகப் போ' என்கிறது. சாலையோ 'போ, போ' என்கிறது. அவசரத்தில் இருப்பவன் காதில் எது விழும்?

இதே புக்கிட் தெங்காவில் இன்னொரு பாதை ஓடுகிறது, இரயில் பாதை. நான் ஆரம்பப் பள்ளியில் படித்த காலத்தில்தான் ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைத் தண்டவாளம் போடும் வேலை நடந்தது. 2015-இல் எங்கள் பக்கம் கொமுட்டர் இரயிலும் ஓடத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பாதை நெடுகிலும் இருந்த தண்டவாளக் கடப்புகள் எல்லாம் நீக்கப்பட்டு, மேம்பாலங்களும் கீழ்ப்பாதைகளும் கட்டப்பட்டன, வேலியும் போடப்பட்டது. 'இரயில் வேகமாக வரும், மக்களே கவனமாகக் கடந்துகொள்ளுங்கள்' என்று யாரும் விட்டுவிடவில்லை. மனிதன் தவறு செய்வான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரைக் கேட்காதபடி பாதையை அமைத்தார்கள். நமக்கு இது தெரியாத கலை அன்று. மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடத்தை 1970-களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் அமைத்து உலகுக்கு வழிகாட்டிய நாடு நம்முடையது. பள்ளிக்கூடத்து வாசலுக்கு மட்டும் அந்த அறிவு ஏன் வந்து சேரவில்லை?

வந்து சேர வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இன்று சைக்கிளுக்குப் பெயர் பெற்ற நெதர்லாந்தில், 1971-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,300 பேர் சாலைகளில் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோரும் பிள்ளைகளும் தெருக்களில் அமர்ந்தார்கள். 'எங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் கவனம் கற்றுக்கொடுங்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. 'தெருவை மாற்றுங்கள்' என்று கேட்டார்கள். 1976-இல் வாகனங்கள் நடை வேகத்தில் மட்டுமே செல்லக்கூடிய குடியிருப்புத் தெருக்களுக்கு அங்கே சட்ட ஏற்பு கிடைத்தது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடும், பாதசாரிகளும் வாகனங்களும் கலந்து புழங்கும் இடங்களில் 30-க்கு மேல் வேகம் கூடாது என்று அறிவித்தது. நம் பள்ளி வாசலில் நிற்கும் பலகையில் உள்ள எண்ணும் அதுதான். எண் சரியாகவே இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஏற்ற சாலைதான் இல்லை.

அதை உண்டாக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்கு மேடையாக உயர்த்தலாம்; வண்டி ஏறி இறங்க வேண்டும் என்றால் ஓட்டுநர் தானாகவே மெதுவாக வருவார். அந்த இடத்தில் மட்டும் சாலையை இருபுறமும் குறுக்கினால், பிள்ளைகள் கடக்க வேண்டிய தூரம் குறையும். அகலம் குறைவதைக் கண்ட ஓட்டுநரின் காலும் தளரும். கடப்புக்கு மேல் பளிச்சென்று ஒரு விளக்கு வைத்தால் பிப்ரவரி இருட்டிலும் பிள்ளையின் வெள்ளைச் சட்டை தெரியும். வாசலிலிருந்து கடப்பு வரை ஒரு தடுப்புக் கம்பி போட்டால், கண்ட இடத்தில் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள். 'பொங்கோல் போட்டால் நெரிசல் வரும், காரின் அடிப்பாகம் இடிக்கும்' என்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளியின் முன்னால் 400 மீட்டர் தூரத்துக்கு மெதுவாகப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 60-இல் போனால் அதைக் கடக்க 24 விநாடிகள் ஆகும். 30-இல் போனால் 48 விநாடிகள். நாம் இழப்பது 24 விநாடிகள். ஒரு சமிக்ஞை விளக்கில் நிற்கும் நேரம்கூட இல்லை. அன்று காலை அந்தச் சிறுமியின் உயிருக்கு நான் வைத்த விலை இவ்வளவுதான்.

பயிற்சி முடிவதற்கு முன் ஒரு காலையில் அந்தக் கடப்பருகே போய் நின்றேன். பிள்ளைகள் காத்து நிற்பதைக் கண்டு தானாக நின்ற வாகனங்களை எண்ணக் கைவிரல்களே போதுமானவையாக இருந்தன. போகாமல் நின்ற ஒரு சிறிய லோரியின் ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "டேய், நீயா?" என்றான். கால் முறிந்த அதே நண்பன். பின்னாலிருந்து ஒலி எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு இறங்கி வந்தான். மழைக்காலத்தில் இப்போதும் கால் வலிக்கும் என்றான். நடைக்கு ஏற்பத்தான் கூலி; நாளைக்கு ஒரு நடை குறைந்தாலும் மாதக் கடைசியில் இடிக்கும் என்றான். வேகமாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் விளையாட்டுக்காக ஓட்டவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"அப்புறம் எப்படிடா இங்க மட்டும் நிக்கிற?" என்று கேட்டேன்.

"ஸ்கூல் வந்தா கியர எறக்கிருவேன். தினமும் பின்னாடி ஹாரன் அடிப்பானுங்க. அடிக்கட்டும்" என்றான்.

அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. நான்காம் ஆண்டில் 'நீ ஏன் பார்த்துப் போகவில்லை' என்று கேட்டதற்கு என்றேன். அவன் சிரித்துவிட்டு, "அதெல்லாம் மறந்துட்டேன்டா" என்றான். ஆனால் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதே ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் விடியற்காலையில், கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். நம்மைப் போல் படிக்கப் புறப்பட்டவர்கள். நாளை பள்ளிகளில் நின்று பாடம் சொல்லியிருக்க வேண்டியவர்கள். நாடே அழுதது. பின்னர், கனரக வாகனங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் நாம் ஏன் இவ்வளவு பெரிய கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது? ஒவ்வொருவராக, ஒவ்வொரு பள்ளி வாசலிலும் நடக்கும் விபத்துகள் தலைப்புச் செய்தியாவதில்லை. அதனால் அவற்றுக்கு விசாரணைக் குழுவும் அமைவதில்லை. அவற்றை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்தாம்.

நண்பர்களே, நம்மில் பலர் கம்பத்துப் பள்ளிகளிலிருந்தும் தோட்டத்துப் பள்ளிகளிலிருந்தும் வந்தவர்கள். விடுமுறையில் அந்தப் பள்ளிகளுக்குப் போய்த் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். தேர்வுப் பயிற்சி தருகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு நாள் முன்னதாகப் போய், காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று பாருங்கள். எத்தனை வாகனங்கள் நிற்கின்றன, விளக்கு எரிகிறதா, கோடுகள் அழிந்துவிட்டனவா என்று ஒரு தாளில் எழுதுங்கள். படம் எடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடு உட்கார்ந்து, மலாய்மொழியில் ஒரு முறையான கடிதமாக்கி, சாலை யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் கொடுங்கள். ஊராட்சியின் சாலையா, பொதுப்பணித் துறையின் சாலையா என்று விசாரித்து எழுதினால் கடிதம் மேசை மேசையாக அலையாது. பாட்டிமார்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொள்வதுதான். அவர்கள் பிடித்த பிடியில்தான் நாம் பல்கலைக்கழகம் வரை வந்தோம். எங்கள் ஊர்க் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறோம். வராவிட்டால் மீண்டும் எழுதுவோம்.

என் பாட்டி இப்போது அதிகம் நடமாடுவதில்லை. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் மோட்டாரை எடுக்கும்போதெல்லாம், "பாத்துப் போயா" என்பார். நான் அடிபடாமல் திரும்ப வேண்டும் என்பதற்காக அவர் அதைச் சொல்கிறார். நானோ இப்போது அதை வேறு விதமாகக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வேண்டியவன் நான்தானே? பள்ளி வருவதற்கு முன்பே கையைத் தளர்த்துகிறேன். பின்னால் ஒலி எழுப்புகிறார்கள். எழுப்பட்டும். வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பிவிடுகிறேன். அந்த 24 விநாடிகளுக்கு அது தாராளமாகப் போதும்.